பச்சை குத்தினால் தோலுக்குள் என்ன நடக்கிறது? – முழுமையான வழிகாட்டி

பச்சை குத்திக்கொள்ள நினைப்பவர்கள் படத்தைத் தேடுவதில்தான் பெரும்பாலான நேரத்தைச் செலவிடுகிறார்கள். சிறகா, மயிலா, அம்மாவின் பெயரா என்று வாரக்கணக்கில் யோசிக்கும் பிள்ளைகள், அந்த மை உடம்புக்குள் எங்கே போய் உட்காரப் போகிறது என்று ஐந்து நிமிடம்கூட விசாரிப்பதில்லை. கோடு கூர்மையாக நிற்குமா, நம் தோலில் எந்த நிறம் எடுபடும், ஆறும்போது எதைச் செய்யலாம், பிடிக்காமல் போனால் அழிக்க முடியுமா என்று பின்னால் எழும் எல்லாக் கேள்விகளுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

பச்சை என்பதைத் துணியில் ஊறிய சாயம் மாதிரியே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். தோலுக்குள் இருக்கும் உயிருள்ள செல்கள் அந்த மையை விழுங்கி, வெளியே விடாமல் ஆயுள் முழுக்கப் பிடித்து வைத்திருப்பதால்தான் அது நிற்கிறது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், டாட்டூ ஸ்டுடியோவில் சொல்லும் ஒவ்வொரு அறிவுரைக்கும் காரணம் தானாக விளங்கும். முதல்முறை குத்திக்கொள்ளப் போகிறவர்களுக்காக, ஊசி தோலைத் தொடுவதற்கு முன்னாலிருந்து படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: தோலின் அடுக்குகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

நாம் தொட்டுப் பார்ப்பது மேல்தோல். கண்ணிமையில் அது 0.05 மில்லிமீட்டர்தான் இருக்கும்; உள்ளங்காலில் 1.5 மில்லிமீட்டர் வரை தடித்திருக்கும். மேல்தோலில் ரத்தக் குழாய்கள் கிடையாது. அதன் அடிப்பகுதியில் புதிய செல்கள் பிறந்துகொண்டே இருக்கும். அவை மெல்ல மேலே நகர்ந்து, தட்டையாகி, செத்து, செதிலாக உதிரும். பிறந்த செல் உதிர்வதற்கு ஏறக்குறைய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. தோலுக்கு நிறம் தரும் மெலனினும் இந்த மேல்தோலின் அடிவரிசையில்தான் உருவாகிறது. மெலனின் இருக்கும் இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

மேல்தோலுக்குக் கீழே இருப்பது உள்தோல். இடத்தைப் பொறுத்து 1 முதல் 4 மில்லிமீட்டர் வரை தடிமன். கொலாஜன் இழைகள், ரத்தக் குழாய்கள், நரம்பு முனைகள், வியர்வைச் சுரப்பிகள், முடியின் வேர்கள், காவலுக்கு நிற்கும் நோய் எதிர்ப்புச் செல்கள் எல்லாம் இங்கே இருக்கின்றன. இது மேல்தோல் போல வாராவாரம் உதிர்ந்து மாறுவதில்லை. உள்தோலுக்கும் கீழே கொழுப்பு அடுக்கு.

மருதாணியை எடுத்துக்கொண்டால் இந்த அடுக்குகளின் வேலை நன்றாகப் புரியும். மருதாணியில் உள்ள லாசோன் என்ற சாயம் மேல்தோலின் உச்சியில் இருக்கும் செத்த செல்களின் கெரட்டினோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தச் செல்கள் உதிரும்போது நிறமும் போய்விடுகிறது. எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும், எவ்வளவு நன்றாகச் சிவந்தாலும் சில வாரங்கள்தான். புருவத்துக்குச் செய்யும் மைக்ரோபிளேடிங் இன்னும் சற்று ஆழம் போகிறது. ஒன்றிரண்டு ஆண்டுகளில் மங்கிவிடுகிறது. நிரந்தரமான பச்சைக்கு மை உள்தோலின் மேற்பகுதியில், தோலின் மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் இறங்க வேண்டும். அதற்கு மேலே நின்றால் உதிர்ந்துவிடும். கீழே போய்க் கொழுப்பைத் தொட்டால் மை பரவி, கோட்டைச் சுற்றி நீல நிழல் படிந்தது போலக் கலங்கிப்போகும். இதைத்தான் டாட்டூ கலைஞர்கள் 'ப்ளோ அவுட்' என்கிறார்கள். மணிக்கட்டின் உட்புறம், கணுக்கால், மேற்கையின் உட்புறம் போன்ற மெல்லிய தோலில் அனுபவம் இல்லாத கை எளிதாக இந்த ஆழத்தைத் தாண்டிவிடும். தோல் எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் இல்லாததால், ஆழத்தை அறிந்த கைதான் ஒரு டாட்டூ கலைஞரின் உண்மையான திறமை. படம் வரையும் திறமை அதற்கு அடுத்ததுதான் என்பது என் கருத்து.

படி 2: ஊசி என்ன செய்கிறது என்று பாருங்கள்

மருத்துவமனை ஊசியில் குழாய் இருக்கும். மருந்து அழுத்தத்தோடு உள்ளே போகும். டாட்டூ ஊசியில் துளையே கிடையாது. கோடு போடுவதற்கு வட்டமாகச் சேர்த்துக் கட்டிய சில ஊசிகள், ஷேடிங் செய்வதற்கு வரிசையாக அடுக்கிய அதிக ஊசிகள் என்று கொத்துக் கொத்தாக இருக்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறி நிற்பதைப் போல ஊசிகளின் இடுக்குகளில் மை ஏறி நிற்கிறது. ஊசி தோலைத் துளைத்து வெளியே வரும்போது, அது விட்டுச்செல்லும் நுண்ணிய துளைக்குள் மை இறங்கிக்கொள்கிறது.

மெஷின் இதை நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் தொடங்கி, வேகம் கூட்டினால் 3,000 முறை வரைகூடச் செய்யும். இந்த மெஷினின் மூலம் ஒரு பேனா. தாமஸ் ஆல்வா எடிசன் 1876இல் மின்சாரப் பேனா ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். காகிதத்தில் வரிசையாகத் துளைகள் போட்டு, அதன்மேல் மை உருட்டிப் பல பிரதிகள் எடுப்பதற்கான அலுவலகக் கருவி அது. அந்த அடிப்படையில் நியூயார்க்கின் சாமுவேல் ஓ'ரைலி 1891இல் மின்சார டாட்டூ மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார்.

ஆனால் மெஷின் வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே மனிதர்களுக்கு இந்த ஆழம் தெரிந்திருக்கிறது. ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991இல் கிடைத்த 'ஓட்ஸி' என்ற மனிதரின் உடல் சுமார் 5,300 ஆண்டுகள் பழையது. அதில் 61 பச்சைக் குறிகள் இருக்கின்றன, எல்லாம் கரி. நம்மூரிலும் கரிதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தமிழ்நாட்டில் பச்சை குத்தும் மை எப்படித் தயாராகிறது என்று எழுதி வைத்திருக்கிறார். மஞ்சள்தூளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் தடவி, அதைத் திரியாக உருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த புதுச்சட்டியில் படியும் கரியைச் சுரண்டித் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைப்பார்கள். அப்படிக் குத்தப்பட்ட கோலங்களும் தேள்களும் பெயர்களும் பாட்டிகளின் முன்கையில் எழுபது எண்பது வயதிலும் தெரிகின்றன. அந்தக் கை எவ்வளவு துல்லியமாக ஆழம் பார்த்திருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். சுத்தம் வேறு விஷயம், அதற்கு வருவோம்.

படி 3: மையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

மை என்பது கரையாத நிறத் துகள்களும் அவற்றைத் தாங்கும் திரவமும் சேர்ந்தது. கரையாது என்பதுதான் இங்கே முக்கியம். கரையும் சாயமாக இருந்தால் உடம்பு அதைக் கழுவி வெளியேற்றிவிடும்.

கறுப்புக்குப் பெரும்பாலும் கார்பன். வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்ஸைடு. மற்ற நிறங்களை வெளிறச் செய்யவும் இதைக் கலக்கிறார்கள். சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில் 'அசோ' வகை கரிம நிறமிகள் அதிகம். நீலம், பச்சை நிறங்களில் தாலோசயனின் வகை. பழுப்பில் இரும்பு ஆக்ஸைடு. இவற்றில் பலவும் முதலில் அச்சுமைக்கும் பெயின்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் என்று உருவாக்கப்பட்டவை. தோலுக்குள் செலுத்துவதற்கென்று எந்த நிறமிக்கும் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்ததில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் டாட்டூ மையில் 4,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

ஒவ்வாமை அதிகம் தருவது சிவப்பு. குத்திய உடனேயும் வரலாம்; மாதங்கள், ஆண்டுகள் கழித்துச் சிவப்பு இருக்கும் பகுதி மட்டும் தடித்து அரிக்கவும் தொடங்கலாம். அதனால் முதல் பச்சை கறுப்பாக இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன். கடற்கரையிலும் திருவிழாவிலும் 'கறுப்பு மருதாணி' என்று போடுவதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இயற்கை மருதாணி கறுப்பாகப் பிடிக்காது. அப்படிக் கறுப்பாகப் பிடிப்பதற்குத் தலைமுடிச் சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற வேதிப்பொருளைக் கலக்கிறார்கள். அது குழந்தைகளின் கையில் கொப்புளம் போட்டுத் தழும்பு விடுவதோடு, வாழ்நாள் ஒவ்வாமையையும் உண்டாக்கக்கூடும். தற்காலிகம்தானே என்று அதற்குக் கை நீட்டாதீர்கள்.

ஸ்டுடியோவில் மைப்புட்டியின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஏதாவது என்றால் தோல் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

படி 4: மையை யார் பிடித்து வைக்கிறார்கள்?

1882இல் இத்தாலியின் மெஸ்ஸினா நகரத்தில், இலியா மெட்ச்னிக்கோவ் என்ற உயிரியலாளர் நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளம் புழுவுக்குள் ரோஜா முள் ஒன்றைச் செருகி வைத்தார். மறுநாள் பார்த்தால், நகரும் செல்கள் முள்ளைச் சுற்றிக் குழுமியிருந்தன. வெளியிலிருந்து வந்ததை விழுங்க ஓடி வரும் செல்கள் உடம்பில் உண்டு என்ற கருத்து அங்கிருந்துதான் வளர்ந்தது. 1908இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. டாட்டூ ஊசி நம் தோலில் செய்வதும் அந்த முள் செய்ததுதான், பல்லாயிரம் முறை.

ஊசி நுழைந்த நொடியிலேயே உள்தோலில் ரத்தக் குழாய்கள் விரிகின்றன; இடம் சிவந்து வீங்குகிறது. நோய் எதிர்ப்புச் செல்கள் விரைகின்றன. அவற்றில் மேக்ரோபேஜ் என்ற பெருவிழுங்கிச் செல்கள்தான் நம் கதையின் நாயகர்கள். கிருமியை விழுங்கி உள்ளே செரித்துவிடுவது அவற்றின் வழக்கம். மைத்துகளையும் அதேபோல விழுங்குகின்றன. ஆனால் கார்பனைச் செரிக்கும் நொதி எந்தச் செல்லிடமும் இல்லை. துகள்கள் சேர்ந்து திரண்டிருப்பதால் எடுத்துக்கொண்டு போகவும் சிரமம். எனவே விழுங்கிய மையை வயிற்றில் வைத்துக்கொண்டு அந்தச் செல் அதே இடத்தில் தங்கிவிடுகிறது. கொஞ்சம் மை உள்தோலின் நார்ச்செல்களுக்குள்ளும் போய்ச் சேர்கிறது. கையில் தெரியும் கோடு என்பது, மை நிறைந்த இப்படிப்பட்ட செல்களின் வரிசை.

சரி, செல்லுக்கும் சாவு உண்டே, அது செத்தால் பச்சை கலைய வேண்டாமா? நெடுங்காலம் பலர் நம்பியது, இந்தச் செல்கள் மனிதரோடு சேர்ந்தே வாழ்கின்றன என்று. பிரான்சின் மார்செய் நகர நோய் எதிர்ப்பியல் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு வேறு விடை தந்தது. எலிகளின் வாலில் பச்சை நிற மையைக் குத்தினார்கள். பிறகு, அந்த எலிகளின் மேக்ரோபேஜ்கள் மட்டும் சாகும்படி செய்தார்கள். செல்கள் செத்தன, மை வெளியே கொட்டியது, ஆனால் வாலில் இருந்த பச்சை கொஞ்சமும் மாறவில்லை. எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்த புதிய மேக்ரோபேஜ்கள் கொட்டிய மையை அதே இடத்தில் விழுங்கிக்கொண்டன. அடுத்து, பச்சை குத்திய தோலை ஓர் எலியிலிருந்து எடுத்து வேறோர் எலிக்கு ஒட்டினார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், மையில் பெரும்பகுதி தோலைப் பெற்றுக்கொண்ட எலியின் செல்களுக்குள் இருந்தது. கொடுத்த எலியின் செல்கள் மடிந்து, வந்த இடத்துச் செல்கள் மையை ஏற்றுக்கொண்டிருந்தன.

எனக்கு இந்தக் கண்டுபிடிப்பு பெரும் வியப்பைத் தருகிறது. படம் நிற்கிறது, படத்தைப் பிடித்திருப்பவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு கைமாற்றிலும் சில துகள்கள் ஒரு செல்லின் அளவுக்குத் தள்ளிப் போய்விடுகின்றன. பல ஆண்டுகளில் கோடு தடித்து, ஓரம் மழுங்குவதற்கு இது ஒரு காரணம். மிக நுண்ணிய எழுத்துகளை நெருக்கமாகக் குத்தச் சொல்லாதீர்கள் என்று நல்ல கலைஞர்கள் மறுப்பது இதனால்தான். இன்று 'ழ'வின் சுழிக்கு உள்ளே தெரியும் இடைவெளி பத்தாண்டில் அடைபட்டுப் போகும். தமிழ் எழுத்துகளில் சுழி அதிகம். அவற்றைப் பெரிதாகவே குத்திக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் மை ஊர்விட்டுப் போகிறது

எல்லா மையும் குத்திய இடத்திலேயே நிற்பதில்லை. மிகச் சிறிய துகள்கள் நிணநீரில் கலந்து, அருகில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் போகின்றன. கையில் புண் வந்தால் அக்குளில் நெறி கட்டுகிறதே, அந்தக் கணுக்கள்தான். ஜெர்மனி, பிரான்ஸ் ஆய்வாளர்கள் கிரனோபில் நகரத்தின் சின்க்ரோட்ரான் எக்ஸ் கதிர்களைக் கொண்டு இறந்தவர்களின் திசுக்களை ஆராய்ந்து, டைட்டானியம் டை ஆக்ஸைடு உள்ளிட்ட நிறமிகளின் நுண்துகள்கள் கணுக்களில் படிந்திருப்பதை 2017இல் காட்டினார்கள். பச்சை குத்தியவர்களின் கணுக்கள் அந்த மையின் நிறத்திலேயே இருப்பதை அறுவை மருத்துவர்கள் அதற்கு முன்பே பார்த்திருக்கிறார்கள். தோல் புற்றுநோய் பரவியிருக்கிறதோ என்று சில வேளைகளில் சந்தேகம் வந்ததும் உண்டு. எனவே எந்த அறுவை சிகிச்சைக்கும் ஸ்கேனுக்கும் முன்னால் உங்கள் பச்சையைப் பற்றி மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இரும்பு கலந்த மையில் எம்ஆர்ஐ ஸ்கேனின்போது அபூர்வமாகச் சூடும் எரிச்சலும் தெரியலாம்.

கணுவில் தங்கிய மை நீண்ட காலத்தில் என்ன செய்யும்? சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2024இல் வந்தது. பச்சை குத்தியவர்களிடம் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டதாக அது சொன்னது. ஆனால் குத்திய பரப்பு கூடக்கூட ஆபத்தும் கூடுவதாக அதே ஆய்வில் தெரியவில்லை. இதை வைத்து 'பச்சை குத்தினால் புற்றுநோய்' என்று பயமுறுத்துவதும் தவறு. ஒன்றுமே இல்லை என்று கைகழுவுவதும் தவறு.

படி 5: நம் தோலுக்கு ஏற்ற நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்

மெலனின் மேல்தோலில் இருக்கிறது என்று பார்த்தோம். மை அதற்குக் கீழே. ஆக, நாம் பச்சையைப் பார்ப்பது நம் தோல் நிறத்தின் வழியாகத்தான். மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் கறுப்பு மை அழுத்தமாக, அழகாக எடுபடும். வெள்ளை, இளமஞ்சள், வெளிர் ஊதா போன்றவை மெலனின் திரைக்குப் பின்னால் மங்கிவிடும். இணையத்தில் பார்க்கும் வெள்ளைத் தோல் படங்களைக் காட்டி அதே நிறம் கேட்காதீர்கள். உங்கள் நிறத்தில் இருப்பவர்களுக்குக் குத்தி, ஆறிய பிறகு எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். குத்திய அன்று எடுத்த படத்தில் எல்லாமே பளபளப்பாகத்தான் இருக்கும்.

கரி கறுப்புதானே, பாட்டியின் கையில் ஏன் நீலமும் பச்சையும் கலந்து தெரிகிறது? தோலுக்குள் நுழையும் ஒளியில் சிவப்பு ஆழமாகப் போய்க் கரியில் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. நீலம் அவ்வளவு தூரம் போவதற்குள் தோலின் இழைகளில் பட்டுச் சிதறி வெளியே திரும்புகிறது. கண்ணுக்கு வந்து சேர்வது அந்த நீலச்சாயல். மை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு நீலம்.

படி 6: உட்காரும் முன் இவற்றைச் சரிபாருங்கள்

பச்சை குத்துவது ஒரு சிறு அறுவை சிகிச்சைக்குச் சமமான காயம். ஊசி உங்கள் கண் முன்னால் புதிய உறையிலிருந்து பிரிக்கப்பட வேண்டும். கையுறை புதியதாக இருக்க வேண்டும். மையைப் புட்டியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் சிறு கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். மீந்ததைத் திரும்பப் புட்டியில் ஊற்றக் கூடாது. ஒருவருக்குக் குத்திய ஊசியோ மையோ இன்னொருவருக்குப் போனால் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. எல்லாம் பரவ வழி இருக்கிறது. திருவிழாக் கடைகளில் ஒரே ஊசியில் வரிசையாகக் குத்திக்கொள்வதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முன்னமே போட்டிருப்பது நல்லது.

மையை நீர்க்கச் செய்யும் தண்ணீரையும் கவனியுங்கள். நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் நகரில் 2011இன் இறுதியிலிருந்து, பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்குத் தோலில் பிடிவாதமான கட்டிகள் வந்தன. முன்கூட்டியே நீர்த்து விற்ற சாம்பல் நிற மையில் மைக்கோபாக்டீரியம் செலோனே என்ற கிருமி இருந்திருக்கிறது. அது தண்ணீரில் வாழும் கிருமி. காய்ச்சி வடித்த நீர்கூடக் கிருமி நீக்கிய நீர் ஆகிவிடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் கிருமி நீக்கிய நீரைத்தான் பயன்படுத்துகிறோம் என்று கலைஞர் சொன்னால் நம்பி உட்காரலாம்.

சிலர் குத்திக்கொள்வதற்கு முன் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். காது குத்திய இடமோ பழைய தழும்போ புடைத்து வளர்ந்திருந்தால் உங்களுக்குக் கீலாய்டு வரும் தன்மை இருக்கிறது. நம்முடையது போன்ற கருநிறத் தோலில் அது கூடுதல். மார்பிலும் தோளிலும் இன்னும் கூடுதல். சொரியாசிஸ், வெண்புள்ளி இருப்பவர்களுக்கு ஊசி பட்ட கோட்டிலேயே அந்த நோய் புதிதாக எழும்பலாம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாத நோயாளிகள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் தள்ளிப்போடுங்கள். மச்சத்தின் மேல் யாரும் குத்திக்கொள்ள வேண்டாம். மச்சம் நிறம் மாறுவது மெலனோமா புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம். மை அதை மறைத்துவிடும்.

ராணுவத்துக்கும் மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கும் முயற்சி செய்யும் தம்பி, தங்கைகள் ஆள்சேர்ப்பு விதியைப் படிக்காமல் குத்திக்கொள்ளவே கூடாது. உடம்பில் எங்கே, எவ்வளவு பெரிதாக, என்ன படம் என்பதற்கெல்லாம் அங்கே கட்டுப்பாடு உண்டு. வலது கையில் குத்திய ஒரு பெயருக்காக வேலை கைவிட்டுப் போகக்கூடும். ரத்ததானமும் சில மாதங்கள் முதல் ஓராண்டு வரை செய்ய முடியாது. ரத்த வங்கியில் மறைக்காமல் சொல்லுங்கள்.

படி 7: ஆறும் நாள்களைப் பொறுமையாகக் கடந்து வாருங்கள்

முதல் ஒன்றிரண்டு நாள் சிவப்பும் வீக்கமும் இருக்கும். தெளிந்த நீரோடு கொஞ்சம் மையும் கசியும். படம் கரைகிறதே என்று பயப்பட வேண்டாம். உள்தோலில் பிடிபடாத மிச்ச மைதான் அது. கையை நன்றாகக் கழுவிவிட்டு, மென்மையான சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு குத்திய இடத்தைத் தடவிக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். களிம்பை மெல்லிய படலமாகத்தான் பூச வேண்டும். நம் வெயிலிலும் வியர்வையிலும் தடிமனாகப் பூசினால் தோல் ஊறிப்போகும்.

ஏறக்குறைய முதல் வாரத்தின் இறுதியில் மேல்தோல் செதில் செதிலாக உரியும். செதிலிலும் நிறம் இருக்கும். மேல்தோலில் மாட்டிய மை, அந்தச் செல்களோடு சேர்ந்து உதிர்கிறது; கீழே இருப்பது பத்திரமாக இருக்கிறது. பொருக்கை நகத்தால் பிய்த்தால் கீழேயிருந்து மையும் சேர்ந்து பெயர்ந்து வெள்ளைத் திட்டு விழும். அரித்தால் தட்டிக்கொடுங்கள்; சொறியாதீர்கள். மஞ்சள், வேப்பிலை என்று வீட்டில் அரைத்த எதையும் திறந்த காயத்தில் பூச வேண்டாம். குளம், கிணறு, கடல், நீச்சல் குளம் எல்லாம் மூன்று வாரமாவது தள்ளி வைக்க வேண்டும்.

உரிந்து முடிந்ததும் படம் பால் படிந்தது போல மங்கலாகத் தெரியும். மேலே வந்திருக்கும் புதிய தோல் இன்னும் பக்குவப்படாததால் இப்படி. சில வாரங்களில் தெளியும். உள்தோல் முழுவதும் சீராவதற்கு மாதங்கள் ஆகும் என்பதால், விட்டுப்போன இடத்துக்கு 'டச் அப்' கேட்பதை ஒன்றிரண்டு மாதம் கழித்துச் செய்யுங்கள்.

நான்காம் நாளுக்கு மேல் சிவப்பு குறையாமல் பரவினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால், கோட்டிலிருந்து மேல்நோக்கிச் சிவப்பு வரி ஓடினால் ஸ்டுடியோவுக்குப் போன் செய்துகொண்டிருக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

ஆறிய பிறகு பச்சையின் பெரிய எதிரி வெயில். புறஊதாக் கதிர் நிறமிகளை, முக்கியமாகச் சிவப்பு, மஞ்சள் வகைகளை, உடைத்து வெளிறச் செய்கிறது. சட்டைக்கு வெளியே தெரியும் பச்சைக்குச் சன்ஸ்கிரீன் பூசுவது வீண் ஆடம்பரம் இல்லை.

படி 8: வேண்டாம் என்று தோன்றினால்

எலுமிச்சைச் சாறு, உப்பு, சுண்ணாம்பு, கடையில் விற்கும் 'டாட்டூ ரிமூவல் கிரீம்' எதுவும் உள்தோலில் இருக்கும் மையைத் தொடாது. தோலைத்தான் பொசுக்கும். சரியான வழி லேசர். 1983இல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற அமெரிக்க மருத்துவர்கள் இதன் அடிப்படையை வகுத்தார்கள். நிறமி உறிஞ்சும் அலைநீளத்தில், மிகமிகக் குறுகிய நேரத்துக்கு ஒளியைப் பாய்ச்சினால், வெப்பம் சுற்றியுள்ள திசுவுக்குப் பரவுவதற்கு முன்பே நிறமி மட்டும் சிதையும் என்று காட்டினார்கள். இன்றைய கருவிகளின் ஒளித்துடிப்பு நானோ நொடி, பிகோ நொடிக் கணக்கில் நடக்கிறது. துகள் நொறுங்குகிறது, அதை வைத்திருந்த மேக்ரோபேஜும் மடிகிறது. பொடியில் ஒரு பங்கு நிணநீரில் அடித்துச் செல்லப்படுகிறது. மிச்சத்தைப் புதிய மேக்ரோபேஜ்கள் மறுபடி விழுங்கிக்கொள்கின்றன. அதனால்தான் ஒரே அமர்வில் அழிவதில்லை. பல அமர்வுகள், ஒவ்வொன்றுக்கும் இடையே ஆறு முதல் எட்டு வாரம் தேவைப்படுகின்றன. குத்துவதற்கு ஆனதைப் போலப் பல மடங்கு செலவாகும்.

கறுப்பு நன்றாக அழியும். பச்சை, மஞ்சள் சிரமம். வெள்ளையும் வெளிர் நிறங்களும் லேசர் பட்டதும் திடீரெனக் கறுத்துவிடலாம், டைட்டானியமும் இரும்பும் வேதிமாற்றம் அடைவதால். நம் தோலுக்கு இன்னொரு கவனமும் தேவை. ஒளி மையைச் சேரும் வழியில் மெலனினும் அதை உறிஞ்சும்; தோல் வெளுக்கலாம், கருக்கலாம், கொப்புளம் போடலாம். மெலனின் குறைவாக உறிஞ்சும் 1064 நானோமீட்டர் அலைநீளம் கருநிறத் தோலுக்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. அழகு நிலையத்தில் செய்துகொள்ளாமல் தோல் மருத்துவரிடமே போங்கள். எந்த அலைநீளத்தில் செய்யப் போகிறார் என்று கேளுங்கள். முழுப் படத்திலும் தொடங்குவதற்கு முன், ஓரத்தில் சிறு இடத்தில் சோதித்து, சில வாரம் பார்த்துவிட்டுத் தொடரச் சொல்லுங்கள்.